குரலைப் பிடித்து நின்றவள்

எங்கள் பள்ளியில் அவரை எல்லோரும் பயிற்சி அக்கா என்றுதான் கூப்பிடுவோம். பார்வையில்லாத பிள்ளைகள் தடுமாறாமல் நிற்கவும் நடக்கவும் உடற்பயிற்சி தருபவர். குடும்பத்தின் முதல் பட்டதாரி என்ற மிடுக்கோடு நான் நான்காம் வகுப்பு ஆசிரியராக வந்து சேர்ந்தேன். வரப்பில் ஓடி வளர்ந்த எனக்கு, நிற்பதைக்கூட ஒருவர் சொல்லித்தர வேண்டும் என்பது தெரியாது.

“கண்ணை மூடிக்கிட்டு ஒத்தக் கால்ல நில்லுங்க சார்” என்றார் அக்கா, முதல் நாளே. ஆறு எண்ணுவதற்குள் சுவரைப் பிடித்தேன்.

“சார் விழுந்துட்டாரா அக்கா? நல்லா வேணும்!” என்றது ஒரு குரல். அதுதான் வாயாடி. ஒன்பது வயது.

மூன்றாம் வகுப்பை முடிக்கவிருந்த அவளுக்கு ஒரே கவலை, மாடிப்படி. என் வகுப்பு மேலே இருந்தது. படி திரும்பும் இடத்தில் நாலடிக்குக் கைப்பிடி கிடையாது. அதைத் தனியாகக் கடக்கத் தெரிந்த பிள்ளைகளைத்தான் மேலே அனுப்புவார்கள். இல்லையென்றால் இன்னொரு வருடம் சின்னப் பிள்ளைகளோடு கீழேயே.

அக்கா அவளை ஒற்றைக் காலில் நிற்க வைத்தார், பஞ்சு மெத்தைமேல் நிற்க வைத்தார், தரையில் ஒட்டிய கயிற்றின்மேல் அடிமேல் அடி வைத்து நடக்க வைத்தார். எதிரில் நின்று சத்தமாக எண்ணுவார். ஒன்றரை மாதத்தில் வாயாடி இருபது எண்ணும்வரை ஆடாமல் நின்றாள்.

ஒருநாள் அக்காவுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. விரல்விட்டு எண்ணினார். நாலாவது விரலிலேயே வாயாடி மெத்தையில் சரிந்தாள். மறுபடி நிற்க வைத்தார், மறுபடி சரிந்தாள்.

“அவ கால்ல நிக்கல சார். என் குரலைப் பிடிச்சுக்கிட்டு நின்னிருக்கா” என்றார் கரகரத்த குரலில்.

சாயங்காலம் வாயாடியின் அம்மா வந்தபோது அக்கா ஒளிக்காமல் சொன்னார்: “தப்பு என்னுதும்மா. ஒன்றரை மாசம் வீணாக்கிட்டேன். படியேறுற தேர்வுக்கு இன்னும் மூணு வாரம் இருக்கு, விடமாட்டேன்.”

“அவங்களுக்குத் தெரிஞ்சே இருக்காதே, ஏன்க்கா சொன்னீங்க?” என்று பிறகு கேட்டேன்.

“விழுறது அவங்க பொண்ணு சார்.”

படித்தவன் என்று நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்ததெல்லாம் அந்த ஒரு வார்த்தையில் அடங்கிப்போயிற்று.

மறுநாளிலிருந்து முறையை மாற்றினார். ஐந்துவரை மட்டும் எண்ணிவிட்டு நிறுத்துவார். பிறகு மூன்றுவரை. பிறகு ஒன்றுமில்லை. “குதிகால் என்ன சொல்லுது? கட்டைவிரல் என்ன சொல்லுது? அதைக் கேளுடி, என்னைக் கேக்காத” என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு ஊமையாகிவிடுவார். வாயாடி விழுந்தாள், திட்டினாள், எழுந்தாள்.

தேர்வு நாளில் நான் மேல்படியில் நின்றேன். அம்மா கீழே முந்தானையை வாயில் வைத்துக்கொண்டிருந்தார். அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு, சத்தமில்லாமல் ஒருபடி பின்னாலேயே ஏறினார். அவர் கை, பிள்ளையின் முதுகிலிருந்து ஒரு சாண் தள்ளி விரிந்தே இருந்தது.

கைப்பிடி முடிந்தது. வாயாடி நின்றாள்.

“அக்கா?”

பதில் இல்லை.

“அக்கா, இருக்கீங்களா இல்லையா?”

அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டார்.

“பேச மாட்டீங்கல்ல? போங்க, நானே போறேன்.”

இரண்டு கையையும் விரித்தாள். முதல் அடியில் உடம்பு இடதுபக்கம் சாய்ந்தது. அக்காவின் கை முன்னே வந்து, தொடாமல் நின்றது. வாயாடி பாதத்தை அழுத்தி நிமிர்ந்தாள். இரண்டாவது அடி, மூன்றாவது அடி. அடுத்த கைப்பிடியைத் தொட்டதும் மிச்சப் படிகளை ஓட்டமாக ஏறி என் வயிற்றில் வந்து மோதினாள்.

“நாலாங்கிளாஸ் சாரா?”

“ஆமா.”

“என் இடம் எங்க சார்?”