சூடு ஆறுமுன்

டி.வி.யில் சூப்பர் ஹீரோ தொடர் முடிந்ததும், அடுத்து எந்தக் காமிக்ஸ் படிக்கலாம் என்று மகள் கேட்டாள். பெட்டியிலிருந்து பழையது ஒன்றை எடுத்தேன். கரிப்புகை வாசம் எழுந்தது. குன்னூர்ச் சரிவில் காமிக்ஸ் வாடகைக்கு விட்ட ராசு அண்ணன், மூடுபனியில் ஈரமேறும் புத்தகங்களைக் கரியடுப்புக்கு மேலே கொடியில் தொங்கவிட்டுக் காயவைத்து, சூடு ஆறுமுன் சிறுபிள்ளைகளான எங்கள் கையில் வைத்துச் சொல்வார்:

"டி.வி.யில அவன் பறக்கறது மட்டுந்தான் வரும் கண்ணு. அழுவறது இதுலதான் இருக்குது, படி."

ஒரு மழையில் கடையோடு அவரையும் மண்சரிவு கொண்டுபோனது. மறுநாள் நான் திருப்பித் தரவேண்டிய புத்தகம் இது.

சில்லிட்டிருந்த அதைக் கேஸ் அடுப்பருகே பிடித்துக்கொண்டு நின்றேன்.

"ஏம்மா, புத்தகத்தப் போயி சூடு பண்றீங்க?"

சூடு ஆறுமுன் அவள் கையில் வைத்தேன்.