முளைக்குச்சிக்கு மஞ்சள் பூசினோம்

எங்கள் வீட்டு வளைவில் பஸ் திரும்பும்போது உள்ளே நிற்பவர்கள் ஒருவர்மேல் ஒருவர் சாய்வார்கள். ஊருக்குப் புதிதாக வருகிறவர்கள், மலாக்கா காஜா பெராங்கில் இப்படி ஒரு வளைவை எந்த மடையன் போட்டான் என்று திட்டுவதைக் கேட்டிருக்கிறேன். மடையன் போடவில்லை. நன்றாகப் படித்தவர்கள், கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையோடு, வரைபடத்தை மேசையில் விரித்து வைத்து, விசிறிக் காற்றில் உட்கார்ந்து போட்டார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் சாலையை நேராக்கும் திட்டம்.

நான் எஸ்டேட்டிலிருந்து கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்தபோது மெர்டேக்கா, நாட்டுச் சுதந்திரம், இன்னும் வரவில்லை. பலகைச் சுவர், தகரக் கூரை. சாலையைப் பார்த்து ஒரு ஹால், அதற்குப் பின்னால் ஓர் அறை, கடைசியில் சமையல்கட்டு. எனக்கு அந்த ஹால்தான் பெரிது. எஸ்டேட் லயத்து ஒற்றை அறையில் அடுப்பும் படுக்கையும் ஒரே இடத்தில் கிடக்கும். யாராவது தேடி வந்தால் வாசலில் நிற்க வைத்தே பேசி அனுப்புவோம். உட்காரச் சொல்ல இடம் இருந்தால்தானே சொல்வதற்கு? இங்கே வந்த முதல் வாரத்தில் பக்கத்து வீட்டு அம்மாளை "உள்ளே வாங்க" என்று கூப்பிட்டு நாற்காலியில் உட்கார வைத்தேன். அதைச் சொல்லும்போது எனக்குக் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. அவர் சிரித்தார்.

அவர் மலாக்கா செட்டி வீட்டுப் பெண்மணி, பல தலைமுறைக்கு முன்பே இங்கே வந்து தங்கிவிட்ட தமிழர் வம்சம். மலாய்க்காரப் பெண்கள் மாதிரி கெபாயாச் சட்டையும் சாரோங்கும் கட்டுவார், மலாயில்தான் பேசுவார். எனக்கு அப்போது மலாய் தட்டுத்தடுமாறித்தான் வரும். என்னை 'அடிக்' என்பார், தங்கச்சி என்று அர்த்தம். தமிழில் அவருக்கு வந்த சொற்கள் சாமி அறையோடு சரி. ஆனால் அம்மன் திருவிழா நெருங்கினால் எங்கள் இருவருக்கும் மொழியே தேவைப்படாது.

அந்தத் திருவிழாவுக்கு ஒரு வழக்கம் உண்டு. அம்மன் ரதம் எங்கள் சாலை வழியாகத்தான் ஊருக்குள் போகும். அதற்குச் சில வாரங்கள் முன்பு கோயில் ஆட்கள் ரதத்தின் அகலத்துக்கு ஒரு மூங்கிலை வெட்டிக்கொண்டு, அதைக் குறுக்காகப் பிடித்தபடி சாலை நெடுக நடந்து வருவார்கள். மூங்கில் எதில் இடிக்கிறதோ அதை வீட்டுக்காரர்களே வெட்டிக் கொடுத்துவிட வேண்டும். மரக்கிளை, வேலி, கடைக்கு முன்னால் இழுத்துக் கட்டிய படுதா, எதுவானாலும் சரி. யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். மூங்கில் தொட்டால் அது அம்மனுக்கு, அவ்வளவுதான். அளந்து முடித்த இடத்தில் பந்தல்கால் நட்டால் அதற்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, வேப்பிலை கட்டுவோம். வந்தவர்களுக்கு சிரப் கரைத்துக் கொடுப்போம்.

மெர்டேக்கா வந்த மறு வருடம் என்று நினைக்கிறேன். சுதந்திர விழாவுக்குக் கட்டிய அலங்கார வளைவுகளின் காகிதப் பூ இன்னும் முழுதாக உதிரவில்லை. திருவிழாவுக்கு முந்திய அதே வாரங்களில் ஒரு நாள் காலையில் ஆட்கள் வந்தார்கள். கையில் நீளமான குச்சிகள், சங்கிலி, ஒரு கட்டு முளைக்குச்சி. அவர்களை மேய்க்கும் மேஸ்திரியாக ஒரு மண்டோர், நம்மவர்தான். செம்பருத்தி வேலி மறைக்கிறது, குச்சி தெரியவில்லை, கொஞ்சம் வெட்டி விடுங்கள் அக்கா என்றார். எதற்கு என்று அவர் சொல்லவில்லை. எதற்கு என்று நானும் கேட்கவில்லை. நானும் பக்கத்து வீட்டு அம்மாளும் பாராங்கத்தியை எடுத்துக்கொண்டு போட்டி போட்டு வெட்டினோம். இந்த வருடம் புது அரசாங்கம், அம்மனுக்கு ஆப்பீஸிலிருந்தே ஆள் அனுப்பியிருக்கிறார்கள் என்று அவர் மலாயில் பெருமையாகச் சொன்னார். எங்கள் வீட்டுக்குப் பக்கவாட்டில், ஹால் முடிந்து அறை தொடங்கும் இடத்துக்கு நேராக ஒரு முளையை அடித்துவிட்டுப் போனார்கள். ரதம் இந்த வருடம் பெரிதாகச் செய்கிறார்கள் போல என்று நினைத்துக்கொண்டேன். சிரப் கரைத்துக் கொடுத்தேன். அவர்கள் போனதும் முளைக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, வேப்பிலையும் கட்டினேன்.

என் கணவர் அதே ரோட்டு ஆப்பீஸில் ரோலர் ஓட்டுகிறவர். வேலை முடிந்து வந்தவர் அந்த முளையைப் பார்த்ததும் சைக்கிளைச் சாத்தக்கூட மறந்து நின்றார். தலையில் சிவப்புப் பூசிய முளை எதற்கு என்று அவருக்குத் தெரியும். உட்கார்ந்து மெதுவாகச் சொன்னார். சாலையை அகலமாக்கப் போகிறார்கள், முளை வரைக்கும் சாலை. முளைக்கு முன்னால் இருப்பது போய்விடும். முளைக்கு முன்னால் இருந்தது எங்கள் ஹால்.

சாலை குறுகல், பஸ்ஸும் லாரியும் வந்தால் ஒதுங்க இடமில்லை, அகலமாக்கத்தான் வேண்டும், எனக்கும் தெரியும். ஆனால் சாலைக்கு இரண்டு பக்கம் உண்டு. எங்கள் பக்கம் ஒட்டி ஒட்டி நிற்கும் பலகை வீடுகள். எதிர்ப்பக்கம் ஒரு பங்களா, அதைச் சுற்றிப் பெரிய தோட்டம், புல்தரை, சாலைக்குள் மூக்கை நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு வேலி மூலை. அந்த மூலையைக் கொஞ்சம் எடுத்தால் சாலை கோடு கிழித்த மாதிரி நேராகப் போகும், எடுக்காவிட்டால் அதைச் சுற்றிக்கொண்டு எங்கள் பக்கம் வளையும். எடுத்தால் யார் வீடும் போகாது, கொஞ்சம் புல் போகும். இதைப் பார்க்கப் படிப்பு வேண்டாம், கண் இருந்தால் போதும்.

பங்களாக்காரரும் நம்மவர்தான். ரப்பர் வியாபாரம். அம்மன் ரதத்துக்குப் பூ அலங்காரம் வருடா வருடம் அவர் உபயம்.

நானும் பக்கத்து வீட்டு அம்மாளும் ஆப்பீஸுக்குப் போனோம். என் கணவர் வரவில்லை. அங்கே சம்பளம் வாங்குகிறவர் எந்த முகத்தோடு வருவார்? வெள்ளைக்கார இஞ்சினியர் போய், உள்ளூர்க்காரர் ஒருவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நம் மனுஷன், காது கொடுப்பார் என்று நம்பித்தான் போனேன். அவர் மரியாதையாகவே பேசினார், அதுதான் இன்னும் எரிச்சல். பங்களா வேலி நிரந்தரக் கட்டுமானமாம், தூண்களெல்லாம் சிமெண்டில் நிற்கிறதாம், அதை நகர்த்த முடியாதாம். பலகை வீடு அப்படியில்லையாம், பாதியை அறுத்து எடுத்துவிட்டு மீதியில் சௌகரியமாக இருக்கலாமாம். என் வீட்டை ரொட்டி மாதிரி அவர் மேசையிலேயே அறுத்துக் காட்டினார்.

நாங்கள் ஒப்புக்கொள்ளவில்லை என்றேன். அவர் ஆச்சரியப்பட்டார். ஒப்புக்கொண்டீர்களே என்றார். அளக்க வந்தவர்களுக்கு நீங்களே வேலியை வெட்டிக் கொடுத்தீர்கள், குடிக்கக் கொடுத்தீர்கள், முளைக்குச் சாமி சாமான் எல்லாம் வைத்தீர்கள், குடியிருப்பவர்கள் திட்டத்தை மனமார வரவேற்றார்கள் என்று மண்டோர் சொல்லியிருக்கிறாரே என்றார். அதோடு, உங்கள் வீட்டுக்காரர் எங்கள் ஆள், அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்றும் கேட்டார்.

என் மஞ்சளையும் குங்குமத்தையும் எடுத்து என் வாயையே அடைத்துவிட்டார். அம்மனுக்கு என்று நினைத்துச் செய்தோம் என்று பக்கத்து வீட்டு அம்மாள் எடுத்துச் சொன்னார். அந்த மனுஷர் தலையை ஆட்டினார், சிரிப்பை அடக்கிக்கொண்டார்.  வெளியே வந்து படிக்கட்டில் நின்று, எனக்குத் தெரிந்த கெட்ட வார்த்தைகளை எல்லாம் தமிழில் சொல்லித் தீர்த்தேன். பக்கத்து வீட்டு அம்மாளுக்கு ஒன்றும் புரிந்திருக்காது, ஆனாலும் ஒவ்வொன்றுக்கும் 'ஆமாம்' என்றார்.

அந்த வருடத் திருவிழா முடிந்த கையோடு ஆட்கள் ரம்பத்தோடு வந்தார்கள். பக்கத்து வீட்டு அம்மாளின் முன்கூடமும் போனது, எங்கள் ஹாலும் போனது. செட்டி வீடுகளில் முன்கூடத்தில்தான் முன்னோர்களுக்கு இலை போட்டுப் படைப்பார்கள். அடுத்த படையலை அவர் சமையலறையில் போட்டார். சாப்பிட வந்த முன்னோர்களுக்கு வழி தெரிந்திருக்குமோ என்னவோ என்று என்னிடம் கேட்டார். 

கல் கொட்டி, செம்மண் கொட்டி, தார் ஊற்றி, கடைசியில் ரோலர் வந்தது. ஓட்டியவர் என் கணவர். வேறு ஆளை அனுப்பச் சொல்லியிருக்கலாம். ரோலர் ஓட்ட ஊரில் அவர் ஒருவர்தானா? முன்னும் பின்னுமாக, நாங்கள் பாய் விரித்துச் சாப்பிட்ட இடத்தின் மேல் ஏற்றி இறக்கினார். அன்று சோற்றை அவர் முன்னால் தட்டென்று வைத்துவிட்டுத் திரும்பிக்கொண்டேன். அவரே சொன்னார்.

"வேற ஆளு ஓட்டுனா கண்ட மாதிரி ஓட்டுவான். நம்ம ஹாலு. அதான் நானே ஓட்டிட்டேன்."

சோற்றில் கையை வைத்தபடியே இருந்தார், சாப்பிடவில்லை. எனக்கு அவர்மேல் இருந்த கோபம் அந்த இடத்திலேயே போய்விட்டது. மீதிக் கோபம் எல்லாம் எதிர்ப்பக்கம் போனது, இன்னும் அங்கேதான் இருக்கிறது.

மறு வருடத் திருவிழாவுக்கும் கோயில் ஆட்கள் மூங்கிலோடு வந்தார்கள். புதுச் சாலை அகலமாகத்தான் இருந்தது, மூங்கில் எதிலும் இடிக்கவில்லை. ஆனால் மூங்கில் வளைவில் திரும்பும். ரதம் அப்படித் திரும்புமா? அதற்கு நீளம் உண்டு, முன்னால் வடம் பிடிப்பவர்கள் உண்டு. இந்த வளைவு இல்லாத காலமெல்லாம் யாரும் அதை நினைக்க வேண்டியிருந்ததில்லை.

வெயில் ஏறும் நேரத்துக்கு ரதம் எங்கள் வளைவுக்கு வந்தது. முன்சக்கரம் திரும்பியது, பின்பக்கம் போய் பங்களா வேலி மூலையில் உட்கார்ந்துகொண்டது. கட்டை கொடுத்துப் பார்த்தார்கள், பின்னுக்குத் தள்ளிப் பார்த்தார்கள். மேளக்காரர்கள் வாசித்து வாசித்து ஓய்ந்தார்கள். பங்களாக்காரர் பட்டு வேட்டியோடு, அர்ச்சனைத் தட்டோடு வெளியே வந்தார். பார்த்தார். ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை, வேலியை எடுத்துவிடுங்கள் என்றார்.

நிரந்தரக் கட்டுமானம் என்றார்களே, அந்த வேலி. கடப்பாரைக்கு என் கணவரைத்தான் கூப்பிட்டார்கள். அவரும் இன்னும் சிலரும் நெம்பினார்கள். தேங்காய் துருவி முடிக்கும் நேரம்கூட ஆகவில்லை, தூண்கள் புல்தரையில் படுத்துக் கிடந்தன. எல்லாரும் பங்களாக்காரரை மனசு பெரிய மனுஷர் என்று புகழ்ந்தார்கள். நான் சமையல்கட்டுப் படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது வீட்டில் சாலையைப் பார்த்து மிச்சமிருந்தது அந்த ஓரத்துப் படி ஒன்றுதான்.

ரதம் நகர்ந்து வந்து எங்களுக்கு நேராக நின்றது. வழக்கமாக ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நிற்கும். வீட்டுக்காரர்கள் தட்டு கொடுப்பார்கள். நான் தட்டு எடுக்கவில்லை. பூசாரி ரதத்தின் மேலிருந்து என்னைப் பார்த்துக் கூப்பிட்டார்.

"தட்டு கொண்டாங்கம்மா, அம்மன் ஒங்க வாசல்ல நிக்கிறா."

"வாசல் இல்ல சாமி. அம்மன் நிக்கிறது எங்க ஹாலு. உள்ள வந்துட்டா. நான் எங்க நின்னு வாங்கன்னு சொல்றது?"

கத்தவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னேன். ஆனால் மேளம் நின்றிருந்ததால் எல்லாருக்கும் கேட்டது. பங்களாக்காரர் தன் தட்டிலிருந்த தேங்காய் மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டு அம்மாள் மட்டும் தன் தட்டை எடுத்துக்கொண்டு இறங்கி, தார்ச் சாலையில் அவருடைய கூடம் இருந்த இடத்தில் போய் நின்றார். என்னைப் பார்த்து, "உள்ள வாங்க" என்றார். தமிழில். நான் சொல்லிச் சொல்லி அவர் கற்றுக்கொண்டது. நானும் தட்டை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

மறுநாள் காலை வேலி திரும்பவும் எழுந்து நின்றது. ரோட்டு ஆப்பீஸ் லாரி வந்தது, ரோட்டு ஆப்பீஸ் சிமெண்டு வந்தது. அதிகாரி தானே வந்து பார்த்துவிட்டுப் போனார். எங்கள் ஹாலுக்கு ஒரு பலகை வரவில்லை.

அதற்குப் பிறகு வருடா வருடம் அந்த வேலி ஒரு நாளைக்கு நகரும், மறுநாள் பழைய இடத்துக்கு வந்துவிடும். நானும் வருடா வருடம் தட்டோடு இறங்கி, சாலைக்குள் போய், நாற்காலி போட்டிருந்த இடம் எது என்று பார்த்து நிற்பேன். ரதம் வரக் கொஞ்சம் தாமதமானால் பஸ்காரர்கள் ஹாரன் அடிப்பார்கள். அடிக்கட்டும். நான் என் வீட்டுக்குள் நிற்கிறேன்.