அத்தையின் இடுப்புக்கு நான் சொன்ன பதில்

பிள்ளைகளே, என் அத்தை வழுக்கி விழுந்துதான் செத்தார் என்று உங்களிடம் சொல்லி வந்திருக்கிறேன். விழுந்தது உண்மை. மீதியை நீங்கள் வளர்ந்த பிறகு சொல்லலாம் என்று தள்ளிப் போட்டேன். வாயால் சொல்ல வரவில்லை. எழுதுகிறேன்.

எண்பதுகளில் நாம் மலேசியாவில், கோலசிலாங்கூர் பக்கம் ஒரு ரப்பர் எஸ்டேட்டின் லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில், இருந்தோம். தாயில்லாத என்னை வளர்த்தவர் அத்தைதான். முப்பது வருஷம் ரப்பர் பாலுக்காகப் பால்மரம் வெட்டியவர். தோளில் கம்பு, இரண்டு பக்கமும் பால் வாளி, ஆனாலும் முதுகு வளையாது. எழுபது தாண்டியும் அந்த நடை மாறவில்லை. தண்ணீர்த் தொட்டியடியில் பாசி வழுக்கி விழுந்த அன்று, தொடையெலும்பு இடுப்போடு சேரும் இடத்தில் முறிந்தது. லோரியில் மெத்தை போட்டு டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன்.

டாக்டர் இளம் பெண். வேறொரு எஸ்டேட்டில் கணக்கு எழுதும் கிராணியின் மகள், யாழ்ப்பாணப் பேச்சு. காகிதத்தில் படம் போட்டு எனக்கு விளக்கினார்.

"உடைஞ்ச எலும்புக் குமிழை எடுத்துப்போட்டு இரும்புக் குமிழ் வைப்பம். அதுக்கு ரெண்டு வழி இருக்கு. பின்பக்கத்தால வெட்டினா நடை நேரா வரும். ஆனா குந்தினா குமிழ் கழண்டுபோகும். பக்கவாட்டால வெட்டினா கழர்றது குறைவு. கொஞ்சம் நொண்டல் மிஞ்சலாம்."

கட்டிலில் இருந்து அத்தை குரல் கொடுத்தார். "நொண்டலா? நேரா நடக்கிற மாதிரியே செய்யச் சொல்லுடா."

"ஏன் ஆச்சி, ஓட்டப் பந்தயத்துக்குப் போறியளோ?"

"ஓடமாட்டேன் தாயி. அந்த மூணாவது வீட்டுக்காரி முன்னால நொண்டமாட்டேன், அவ்வளவுதான்."

டாக்டர் சிரித்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "வீட்டில கக்கூஸ் என்ன மாதிரி? குந்துறதோ, கதிரை மாதிரி இருக்கிறதோ?"

லயத்துக்குப் பின்னால் வரிசையாக இருந்த கக்கூஸ்களை நினைத்தேன். எல்லாம் குந்துகிறவை. ஒன்றுக்குக் கதவும் கிடையாது. எதிரே வெள்ளைக் கோட்டு. பக்கத்தில் இரண்டு நர்சுகள் வேறு கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

"உட்கார்ற மாதிரிதான் டாக்டர்" என்றேன்.

அவர் அதை எழுதிக்கொண்டார். "அப்ப பின்பக்கத்தால செய்வம்" என்றார். அத்தை வீடு வருவதற்குள் ஒரு நாற்காலி செய்துவிட்டால் என் பொய் பொய்யில்லாமல் போய்விடும் என்று கணக்குப் போட்டேன்.

செய்தேன். பெட்டிப் பலகையில் நடுவே ஓட்டை, கீழே வாளி. குசினி மூலையில் வைத்து, உங்கள் அம்மாவின் பழைய சேலையைத் திரையாகக் கட்டினேன். அத்தை கோல் ஊன்றி, நொண்டாமல், நேராக நடந்து வீட்டுக்குள் வந்தார். அந்த நாற்காலியைப் பார்த்ததும் முகம் சுருங்கிவிட்டது.

"சோறாக்குற எடத்துலயாடா?"

"வேற எடம் இல்ல அத்தை. குந்தக் கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லியிருக்காங்க."

இரண்டு நாள் உட்கார்ந்தார். மூன்றாம் நாள், "இது ஆடுதுடா, பயமா இருக்கு" என்றார்.

"ஆடல. உங்களுக்குப் பிடிக்கல, அதான் சாக்கு சொல்றீங்க."

அதன்பிறகு அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

ஒரு வாரம் கழித்து, நானும் உங்கள் அம்மாவும் விடியற்காலை ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டுக்குப் பேர் கொடுக்கப் போயிருந்த நேரத்தில், கோலை ஊன்றிப் பின்பக்கக் கக்கூஸுக்குப் போய்க் குந்தியிருக்கிறார். அலறல் கேட்டு ஓடிப்போய்த் தூக்கி வந்தது அந்த மூன்றாவது வீட்டுக்காரிதான். கால் குட்டையாகி உள்பக்கம் திரும்பிக் கிடந்தது.

அதே டாக்டர். குமிழை இழுத்துப் பொருத்தினார்கள். மறுபடி கழன்றது. அதற்குள் அத்தைக்கு நெஞ்சில் சளி கட்டிவிட்டது. இன்னொரு ஆபரேஷனை உடம்பு தாங்காது என்றார். பிறகு பழைய காகிதத்தைப் புரட்டினார்.

"கதிரை மாதிரி எண்டுதானே சொன்னீங்கள்?"

நான் தரையைப் பார்த்தேன்.

"சொல்லியிருந்தா பக்கவாட்டால செய்திருப்பன்" என்றார். கோபம் இல்லை. திட்டியிருக்கலாம்.

காலில் எடை தொங்கவிட்டுப் படுக்கப் போட்டார்கள். முதுகெல்லாம் புண். ஒரு சாயங்காலம் அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார். "சொன்ன பேச்சு கேக்காம குந்திட்டேன். என் தப்புதான்டா. நீ மனசுல வெச்சுக்காத." டாக்டரிடம் நான் சொன்ன பொய்யை அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன். அவர் தலையை ஆட்டினார். அந்த வாரமே போய்விட்டார்.

கருமாதி முடிந்து, உங்கள் அம்மா உங்களைக் கூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போயிருந்தாள். நான் மட்டும் வீட்டில். சேலையை விலக்கி அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். செய்த நாளிலிருந்து ஒரு தடவைகூட நான் அதில் உட்கார்ந்து பார்த்ததில்லை. உட்கார்ந்ததும் இடப்பக்கம் சாய்ந்தது. நாற்காலியின் ஒரு கால் மற்றவற்றைவிட அரை விரல் கனத்துக்குக் குட்டை.

எழுந்து ரப்பர் ஷீட்டில் ஒரு துண்டு வெட்டினேன். இரண்டாக மடித்து அந்தக் காலுக்கு அடியில் வைத்தேன். மறுபடி உட்கார்ந்தேன். ஆடவில்லை.