என் பெயரில் வசூலான கப்பல் கட்டணம்

சிவகாசியில் ஒரு லித்தோ அச்சகத்தில் பதினோரு வருடம் லேபிள் ஆர்டிஸ்டாக இருந்தேன். தீப்பெட்டிக்கும் வெடிப் பாக்கெட்டுக்கும் படம் போடுகிற வேலை. லேபிளில் வரும் ஆங்கில எழுத்துகளை வளைத்தும் நிழல் கொடுத்தும் நன்றாக எழுதுவேன். ஆனால் சேர்த்து வாசிக்கத் தெரியாது. எந்த எழுத்துக்குப் பின் எது வர வேண்டும் என்று முதலாளி துண்டுத்தாளில் எழுதித் தருவார். அதைப் பார்த்து வரைவேன்.

அறுபதுகளின் தொடக்கத்தில் ஒருநாள் முதலாளி என்னை அறைக்குக் கூப்பிட்டு ஒரு வெளிநாட்டுக் கடிதத்தை நீட்டினார். மூலையில் நான் போட்ட லேபிள் ஒன்று ஒட்டியிருந்தது. கருவேல மரத்தில் முன்னங்கால்களைத் தூக்கி வைத்து நிற்கும் வெள்ளாடு.

“ஏப்பா, இது உன் ஆடுதானே? என்னமோ உன்னையக் கேக்காகப்பா.”

மத்தியானச் சாப்பாட்டைக்கூட மறந்து சைக்கிளை எடுத்துக்கொண்டு நண்பனைத் தேடி ஓடினேன். அவன் மிஷன் பள்ளியில் ஆங்கில வாத்தியார். ஆமத்தூரில் எங்கள் இருவர் வீடும் அடுத்தடுத்த தெரு. ஐந்தாம் வகுப்பு வரை ஒரே பெஞ்சு. பிறகு அவன் மிஷன் போர்டிங்கில் சேர்ந்தான், நான் அச்சகத்துக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமைகளில் வேதக்கோவில் ஆராதனை முடிந்ததும் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவான். அம்மா வைக்கும் கருவாட்டுக் குழம்பு அவனுக்கு உயிர்.

வகுப்பறை வாசலில் நின்றபடியே கடிதத்தைப் படித்தான். முடிப்பதற்குள் அவன் முகம் மலர்ந்துவிட்டது.

“ஏலே, ஜெர்மனியில ஒரு ஓவியப் பள்ளிக்கூடத்துக்கு உன்னக் கூப்பிடுதாகலே! ஆறு மாசம். தங்க ரூம்பு, சாப்பாடு, படம் போடப் பெரிய பட்டறை, எல்லாம் அவுக பொறுப்பு. இந்த ஆட்ட வரைஞ்சவரு வரணும்னு எழுதியிருக்காக. கப்பல் கட்டணம் மட்டும் நாம போட்டுக்கிடணும்.”

அந்தக் கட்டணம் என் இரண்டு வருடச் சம்பளம்.

எனக்கு ஜெர்மனியைப் பார்க்க வேண்டும் என்ற ஆசையெல்லாம் இல்லை. ‘பெரிய பட்டறை’ என்ற சொல்தான் என்னைப் பிடித்துக்கொண்டது. என்னிடம் வந்த மலை, ரயில், மகாராணி எல்லாம் இரண்டு அங்குல அகலத்துக்குள் அடங்க வேண்டியவை. கைநீட்டி, தோளைச் சுழற்றி ஒரு கோடு இழுத்துப் பார்க்க வேண்டும் என்று எத்தனையோ நாள் நினைத்திருக்கிறேன்.

நண்பன் அன்றைக்கே பதில் எழுதினான். மறுநாளிலிருந்து இருவரும் வசூலுக்குக் கிளம்பினோம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் கோவில் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களைப் பென்சிலில் வரைந்து கொடுத்தேன். படத்துக்கு எட்டணா. நண்பன் பக்கத்தில் நின்று, “வாங்க, உக்காருங்க, நாளைக்கு ஜெர்மனி போனா இவனப் பிடிக்க முடியாது” என்று கூவினான். மல்லாங்கிணறு, காரியாபட்டி வரைக்கும் சைக்கிளில் போனோம். வெடிக் கம்பெனி முதலாளிகள் சிலர் உட்கார வைத்து மோர் கொடுத்து ரூபாயும் கொடுத்தார்கள். சிலர் சீசன் முடியட்டும் என்றார்கள்.

அம்மா தீப்பெட்டி ஆபீசில் பெட்டி ஒட்டினாள். சனிக்கிழமை சம்பளம் போடுகிற நேரத்தில் என்னை அந்த வாசலுக்கு வரச் சொன்னாள். கையெல்லாம் பசையோடு வெளியே வந்த பெண்கள் ஒவ்வொருவராக என் தகர டப்பாவில் காசு போட்டார்கள். அம்மாவோடு ஒரே வரிசையில் உட்காருகிற அக்கா ஒருத்தி கேட்டாள்.

“அங்கன போயி என்னய்யா படிக்கப் போற?”

“பெரிய படம் போடப் படிக்கணும் அக்கா.”

“எம்புட்டுப் பெருசு?”

கைகளை முடிந்த மட்டும் விரித்துக் காட்டினேன். அவள் சிரித்துவிட்டு, முந்தியில் முடிந்திருந்ததில் இன்னொரு காசையும் எடுத்துப் போட்டாள்.

பாதிக் கட்டணம் சேர்ந்தபோது முதலாளி கூப்பிட்டு அனுப்பினார். மீதிப் பாதியைத் தானே போடுவதாகச் சொன்னார். வெளிநாட்டுப் பயணத்துக்குச் சர்க்கார் பெர்மிட் வாங்க வேண்டும், அதற்குக் கம்பெனி பெயரில்தான் எழுத முடியும், ஆகவே பணம் கம்பெனியிலேயே இருக்கட்டும் என்றார். நண்பனும் அதுதான் சரி என்றான். டப்பாவைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். அந்த வாரமே அச்சகத்தில் டீப்பார்ட்டி வைத்து எனக்கு மாலை போட்டார்கள். போட்டோவும் எடுத்தார்கள். அம்மா அன்று வேலைக்குப் போகாமல் வந்து ஓரமாக நின்றாள்.

முன்கூட்டியே அனுப்ப இருபது படம் வேண்டும் என்று முதலாளி கேட்டார். இரண்டு மாதம் வரைந்தேன். தீப்பெட்டி ஆபீஸ் பெண்கள், தண்ணீர் வண்டி, வெடிமருந்து உலர்த்தும் களம், காசு போட்ட அந்த அக்கா. எதிலும் கையெழுத்துப் போடவில்லை. லேபிளில் பெயர் எழுதி எங்களுக்குப் பழக்கமில்லை.

பிறகு நாள்கள் ஓடின. கேட்டபோதெல்லாம் பெர்மிட் வரவில்லை என்றார்கள். ஒருநாள் லோடு ஏற்ற வந்த வண்டிக்காரர் பேச்சுவாக்கில் சொன்னார்: முதலாளியின் மாப்பிள்ளை பம்பாயில் கப்பல் ஏறிவிட்டார், ஜெர்மனிக்கு.

நேராக முதலாளி அறைக்குப் போனேன். அவர் தலையைத் தூக்காமலே பேசினார்.

“உன் பேருக்குப் பெர்மிட் கெடைக்கலப்பா. வந்த அழைப்ப வீணாக்கக் கூடாதுல்ல? மாப்பிள்ள போனா ஆப்செட் மிஷினும் பாத்துட்டு வருவாரு. அடுத்த சீசனுக்கு உன்ன அனுப்புதேன்.”

“அவருக்கு வரையத் தெரியாதே முதலாளி.”

“உன் படந்தான் கையில இருக்கே.”

அன்று மாலை நண்பன் வந்தான். நான் சொன்னதைக் கேட்டுத் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான். “என்ன அநியாயம்லே இது” என்றான். அவன் கண்ணில் தண்ணீர் வந்தது. அதைப் பார்த்து அம்மாவும் அழுதாள். எனக்கு அவன் இருந்தது பெரிய ஆறுதலாக இருந்தது. அதன் பிறகும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்தான், சாப்பிட்டான்.

நாலைந்து வாரம் கழித்து அச்சகக் கணக்குப்பிள்ளை என்னைத் தனியே அழைத்தார். வேறொரு தாளைத் தேடியபோது கிடைத்ததாகச் சொல்லி ஒரு கார்பன் காப்பியை என் கையில் வைத்தார். “இத நீரு பாக்கணும். நான் குடுத்ததா சொல்லிராதீரும்” என்றார். கையால் எழுதிய ஆங்கிலக் கடிதம். ஒரு வரிகூட எனக்குப் புரியவில்லை. ஆனால் கையெழுத்து தெரிந்தது. சில எழுத்துகளின் வாலை நண்பன் இடப்பக்கம் இழுத்துச் சுழிப்பான். எழுத்தை வரைந்தே பிழைத்தவனுக்கு அதில் சந்தேகம் வராது.

மிஷன் ஆஸ்பத்திரிக் கம்பவுண்டரிடம் கொண்டுபோனேன். அவர் மெல்லப் படித்துத் தமிழில் சொன்னார். ஆட்டை வரைந்த ஆர்டிஸ்டுக்குக் காசநோய் கண்டிருக்கிறது, கப்பலில் வர முடியாது, அவரோடு சேர்ந்து வரைகிற இன்னொருவரை அனுப்புகிறோம், அனுப்பிய படங்கள் அந்த இன்னொருவர் வரைந்தவை. படித்துவிட்டுக் கம்பவுண்டர் என்னைக் கவலையோடு பார்த்தார்.

“சளியில ரத்தம் வருதாய்யா?”

எனக்கு இருமல்கூடக் கிடையாது என்றேன்.

பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் போய் நின்றேன். பிள்ளைகள் எல்லோரும் போன பிறகு நண்பன் வந்தான். தாளை நீட்டினேன். வாங்கிப் பார்த்தவன் மறுக்கவில்லை. சைக்கிள் ஸ்டாண்டுச் சுவரில் சாய்ந்துகொண்டான்.

“முதலாளி தங்கச்சிக்கு நர்சு படிப்புக்கு எடம் வாங்கித் தாரேன்னாருலே. அப்பாவும் இல்ல. நான் என்ன செய்ய?”

“எங்கிட்டச் சொல்லியிருக்கலாமில்ல?”

அவன் தாளை நாலாக மடித்து என் கையில் திருப்பி வைத்தான்.

“எனக்குக் காசநோய்னு ஏம்லே எழுதுன?”

“ஒரு காரணம் எழுதணும்ல. உனக்கு வரைய வராதுன்னு எழுதச் சொன்னாரு. அத எழுத எனக்குக் கை வரல.”

அதை எனக்குச் செய்த உபகாரம் போலச் சொன்னான். அடிக்கத்தான் போயிருந்தேன். கை எழவில்லை. எங்கள் வீட்டில் உட்கார்ந்து எனக்காக அவன் அழுதது நினைவுக்கு வந்தது. அந்தக் கண்ணீர் பொய்யில்லை என்று எனக்குத் தெரியும். அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. இனி வீட்டுக்கு வராதே என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

மறுநாள் அச்சக வேலையை விட்டேன். சனிக்கிழமை தீப்பெட்டி ஆபீஸ் வாசலில் போய் நின்றேன். அம்மா வேண்டாம் என்றுதான் சொன்னாள். வெளியே வந்த பெண்களிடம், நான் போகவில்லை, உங்கள் காசில் வேறொருவர் போயிருக்கிறார் என்றேன். சிலர் உச்சுக்கொட்டினார்கள். ஒருத்தி, “காசத் தின்னுட்டு வந்து கத சொல்லுதான்” என்று காதில் விழும்படி சொல்லிப் போனாள். அந்த அக்கா மட்டும் அருகில் வந்தாள்.

“நாங்க உனக்குத்தானய்யா குடுத்தோம்? அந்தாளுக்கா குடுத்தோம்?”



மாப்பிள்ளை இரண்டே மாதத்தில் திரும்பி வந்தார். அங்கே ஒரு கோடு போடச் சொல்லியிருப்பார்கள், வேறென்ன. அவர் பின்னாலேயே ஜெர்மனியிலிருந்து என் பெயருக்கு ஒரு பார்சல் வந்தது. சாம்பல் நிறக் கம்பளிக் கழுத்துத் துணி, ஒரு டப்பா சத்துமாவு, சீக்கிரம் குணமாக வேண்டும் என்று ஒரு கடிதம். என்னைப் பார்த்தே இராத மனிதர்கள். கம்பவுண்டரைக் கொண்டு பதில் எழுதினேன்: என் நெஞ்சு நன்றாக இருக்கிறது, அந்த இருபது படமும் என்னுடையவை. ஆதாரத்துக்கு ஆட்டை மறுபடி வரைந்து வைத்தேன்.

ஆறு மாதம் கழித்துப் பதில் வந்தது. நம்புகிறோம், அடுத்த வருடம் நீங்களே வாருங்கள், கப்பல் கட்டணத்துக்கு மட்டும் எங்களிடம் வழியில்லை, மன்னியுங்கள்.

நான் போகவில்லை. எந்த வாசலில் போய் நின்று மறுபடி டப்பாவை நீட்டுவது? விருதுநகரில் எண்ணெய்க் கடைகளுக்கும் மிளகாய் மண்டிகளுக்கும் போர்டு எழுதப் போனேன். தகரப் பலகையில் ஏணி சாத்தி நின்று ஆளுயர எழுத்து எழுதினேன். சம்பளம் பரவாயில்லை.

முதலாளி மேல் இருந்த கோபம் சில வருடங்களில் ஆறிவிட்டது. அவரிடம் நான் பெரிதாக எதையும் எதிர்பார்த்ததில்லை. நண்பன் மேல் இருந்தது ஆறவில்லை. பஸ் ஸ்டாண்டில் எதிரே வந்தால் இருவரில் ஒருவர் திரும்பிக்கொள்வோம்.

அவன் தங்கை நர்ஸ் படிப்பை முடித்து மிஷன் ஆஸ்பத்திரிக்கே வேலைக்கு வந்தாள். அம்மா படுக்கையில் விழுந்தபோது, டூட்டி முடிந்ததும் நடந்தே எங்கள் வீட்டுக்கு வந்து ஊசி போட்டுவிட்டுப் போவாள். வலிக்காமல் போடுவாள் என்று அம்மா அவளுக்காகக் காத்திருப்பாள். “அண்ணன் ஏண்ணே உங்க வீட்டுப் பக்கமே வரமாட்டேங்காரு?” என்று ஒருநாள் என்னைக் கேட்டாள். பள்ளிக்கூடத்தில் வேலை ஜாஸ்தியாக இருக்கும் என்றேன்.