லிஃப்ட்காரர் வீட்டு நல்ல தண்ணி

லிஃப்ட்காரருக்கு ரெண்டு பெண்டாட்டி என்று யாராவது சொன்னால் நம்பிவிடுங்கள். அப்படிச் சொல்லிக்கொண்டு திரிவது அவர் மனைவியேதான். மூத்தவள் சலவைக்கடையில் கறை எடுக்கிற வேலை பார்க்கிறாள். இளையவள் வீட்டுக் கூடத்தில், கண்ணாடித் தொட்டிக்குள், உப்புத் தண்ணீரில் குடித்தனம் நடத்துகிறாள். அது ஒரு கிண்ணப் பவளம். பார்க்கக் கல் மாதிரி இருந்தாலும் உயிருள்ள பிராணி. பச்சைத் தட்டில் ஆரஞ்சுப் பொட்டு வைத்தாற்போல உடம்பெல்லாம் கண். கண் என்று பேர்தானே தவிர அத்தனையும் வாய்.

"என் சக்களத்திக்கு எத்தனை வாய் பாருங்க. ஒரு வாயை வச்சுக்கிட்டு நான் பேசினாலே அதிகம்ங்கிறார்" என்பாள் சலவைக்கடை அக்கா.

ஆறு வருஷத்துக்கு முன்னால் நாணயம் அளவுத் துண்டாக வந்தது இப்போது சாப்பாட்டுத் தட்டு அகலம். மனுஷன் பொத்திப் பொத்தி வளர்த்தார். வெளிச்சம் கூடினால் வெளுத்துவிடும் என்று தொட்டியின் அடியில் நிழலான மூலை பார்த்து வைத்தார். தண்ணீர் முகத்தில் அடிக்கக் கூடாது என்று மோட்டாரைச் சுவர்ப் பக்கம் திருப்பினார். விளக்கு அணைந்தால் மெல்லிய கைகளை நீட்டி அக்கம்பக்கத்துப் பவளங்களைக் கொட்டிவிடும் என்பதால் சுற்றிலும் ஒரு சாண் இடம் விட்டார். நாளெல்லாம் லிஃப்ட் ரிப்பேர் என்று குழிக்குள் கிரீஸும் இருட்டுமாகக் கிடந்துவிட்டு வந்து, கையை மூன்று தடவை கழுவி, இறால் துணுக்கை இடுக்கியால் எடுத்து ஒவ்வொரு வாயாக ஊட்டுவார். விடுதியில் படிக்கிற மகளிடம் வாரம் ஒரு தடவை பேசுவார், இதனிடம் தினமும். அக்கா தொட்டிப் பக்கம் துடைக்கிற துணியோடு போனால்கூட "ஏய், ஏய்" என்று பதறுவார்.

அப்பேர்ப்பட்டவருக்கு முதுகு போய்விட்டது. வேலையிடத்தில் லிஃப்ட் மோட்டாரைத் தூக்கப் போய் எலும்புக்கு நடுவே இருக்கிற டிஸ்க் பிதுங்கிவிட்டது. ஆபரேஷன், பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரி, மல்லாந்தே படுக்க வேண்டும் என்றார் டாக்டர். ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது ஊர் உலகத்தில் புருஷன் என்ன சொல்வான்? தைரியமா இரு என்பான். இவர் என்ன சொன்னார் தெரியுமா?

"தொட்டியில தண்ணி வத்தும். கோடு போட்டு வச்சிருக்கேன். கோட்டுக்குக் கீழ போனா, தினமும் நல்ல தண்ணி ஊத்து."

நல்ல தண்ணி என்றால் உங்களுக்கும் எனக்கும் உப்பில்லாத தண்ணீர். அவரும் அதைத்தான் சொன்னார். ஆனால் அந்த வீட்டில் அந்த வார்த்தை கொஞ்சம் கோணலாகிப் போயிருந்தது. குழாய்த் தண்ணீரை அவர் பவளத்துக்கு விஷம் என்பார். ஒரு நீல டிரம்மில் உப்புக் கலந்து, ஒரு நாள் முழுக்க மோட்டார் ஓட்டி, அளந்து பார்த்து, "பாரு, என்ன அருமையான தண்ணி" என்று மெச்சிக்கொள்வார். பக்கத்தில் வடிகட்டிய வெறும் தண்ணீர் வெள்ளைக் கேனில் கேட்பாரற்றுக் கிடக்கும். அக்கா என்ன நினைத்தாள்? நமக்குத்தான் கேன் தண்ணி நல்ல தண்ணி, கடல் பிராணிக்கு டிரம்மில் இருப்பதுதான் நல்ல தண்ணி என்று நினைத்தாள். மனதாரச் சொல்லுங்கள், அதில் என்ன தப்பு?

தினமும் காலையில் வேலைக்குப் போவதற்கு முன் ஒரு சின்ன வாளி டிரம் தண்ணீரை, சிந்தாமல், அலுங்காமல் ஊற்றினாள். சாயங்காலம் விளக்கு அணைந்ததும் ஊட்டியும் விட்டாள். ஆறாவது நாள் பவளத்தின் ஓரத்தில் வெள்ளையாக ஒரு கோடு தெரிந்தது. சட்டையைப் பார்த்ததும் இது டீ, இது மை, இது துரு என்று பட்டென்று சொல்கிறவள், அந்த வெள்ளை என்னவென்று தெரியாமல் விழித்தாள். மறுநாள் அது விரல் அகலம். சதை உருகி, உள்ளே எலும்பு தெரிந்தது.

ஆஸ்பத்திரியில் அவர் கூரையைப் பார்த்தபடியே கேட்டார். "எப்படி இருக்கா?"

"அவளுக்கென்ன, நல்லாத்தான் இருக்கா."

"போட்டோ காட்டு."

அக்கா போனைத் துழாவி, பழைய போட்டோ ஒன்றைத் தேடி எடுத்து அவர் முகத்துக்கு மேலே பிடித்தாள். அவர் வெகுநேரம் பார்த்தார். "அழகா இருக்கா" என்றார். அடுத்த நாளும் கேட்டார். வேறொரு பழைய போட்டோவைக் காட்டினாள். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் அவரிடம் ஒரு புடவை விலையைத் தவிர வேறு எதிலும் பொய் சொல்லாதவள், நாக்கூசாமல் தினமும் சொன்னாள்.

ஒன்பதாவது நாள் பொறுக்க முடியாமல், தொட்டி மீன் விற்கிற கடைக்காரரை வீட்டுக்குக் கூப்பிட்டாள். அவர் ஒரு சொட்டுத் தண்ணீரைக் கருவியில் வைத்துக் கண்ணருகே பிடித்துப் பார்த்தார்.

"உப்பு முப்பத்தஞ்சு இருக்கணும் அக்கா, நாப்பது காட்டுது. என்ன ஊத்தினீங்க?"

"நல்ல தண்ணிதான் தம்பி." கை நீல டிரம்மைக் காட்டியது.

அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஐயோ அக்கா! வத்துறது தண்ணி மட்டும்தான். உப்பு தொட்டியிலேயே நின்னுடும். அதுக்கு மேல நீங்க உப்புத் தண்ணியையே ஊத்தினா?"

"அப்ப நான்தான் கொன்னேனா?" அக்கா தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"இன்னும் சாகல. ஆனா ஒரேயடியா உப்பைக் குறைச்சா செத்துடும். கொஞ்சம் எடுங்க, கேன் தண்ணி கொஞ்சம் ஊத்துங்க. பொறுமையா பண்ணணும்."

கருவியை அவளிடமே விட்டுப் போனார். சலவைக்கடைக்கு லீவு போட்டாள். மூன்று நாள், கொஞ்சம் எடுத்தாள், கொஞ்சம் ஊற்றினாள், சொட்டு வைத்துப் பார்த்தாள். "அடியேய், அவர் வர்ற வரைக்கும் உயிரோட இருடி. அப்புறம் நீ எப்படி வேணா ஆட்டம் போடு" என்று கண்ணாடியில் முகத்தை வைத்துக் கெஞ்சினாள். நாற்பது முப்பத்தேழானது, முப்பத்தாறானது. வெள்ளை பாதித் தட்டோடு நின்றது.

பன்னிரண்டாம் நாள் அவர் இடுப்பில் பட்டை கட்டிக்கொண்டு, அவள் தோளைப் பிடித்தபடி வந்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை, நேரே தொட்டிக்குத்தான் போனார். குனிய முடியாதே, அக்கா உயரமான ஸ்டூலை இழுத்துப் போட்டாள். அவர் பார்த்தார். பாதி பச்சை, பாதி எலும்பு. அக்கா ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டினாள். டிரம், வாளி, கடைக்காரர் சொன்னது, தான் சொன்ன பொய், எதையும் விடவில்லை.

"எனக்குத் தெரியும்" என்றார்.

"கடைக்காரத் தம்பி சொல்லிடுச்சா?"

"அவன் எதுக்குச் சொல்லணும்? நீ காட்டின போட்டோவெல்லாம் நான் எடுத்து உனக்கு அனுப்பினது. கண்ணாடியில என் சட்டைகூடத் தெரியுது."

அக்காவுக்கு முகம் செத்துப்போனது. "தெரிஞ்சும் ஏன் ஒண்ணும் கேக்கல?"

"கேட்டா நீ சொல்லிடுவ. புரண்டு படுக்கக்கூட முடியாதவன் அதை வச்சுக்கிட்டு என்ன பண்றது?" அவர் தொட்டிக் கண்ணாடியில் கை வைத்தார். "நீ வந்து நல்லா இருக்கான்னு சொன்னாத்தான் எனக்குத் தூக்கமே வந்துச்சு. அதுக்காகத்தான் தினமும் கேட்டேன்."

"பாவி மனுஷா!" என்று அக்கா முதுகில் அடிக்கக் கையை ஓங்கினாள். ஆபரேஷன் ஞாபகம் வந்தது. ஓங்கிய கையை அவர் தலையில் வைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள்.