வெள்ளைத்தாளில் ரேகை

கடலூரில் ஒரு பள்ளியில் குடிமையியல் நடத்துகிறேன். இன்று தலைமையாசிரியர் வகுப்புக்குள் வந்து, முத்திரை மட்டும் குத்திய வெற்றுத்தாளைப் பிள்ளைகளிடம் நீட்டினார்.

“சட்ட விழிப்புணர்வு முகாம் நடந்த மாதிரி அப்புறம் எழுதிக்கலாம். கையெழுத்துப் போடுங்க.”

ஈர மையின் வாடை என்னை எங்கள் மீனவக் குப்பமான தேவனாம்பட்டினத்துக்கு இழுத்துப்போனது. அப்போது நான் மூன்றாம் வகுப்பு. கரையோர நிலத்தைக் கேட்ட கம்பெனியின் ஆள் ஒருவன் வெள்ளைத்தாளும் மைப்பெட்டியுமாக வீடு வீடாக ரேகை வாங்கிக்கொண்டு வந்தான். மீன் ஆய்ந்துகொண்டிருந்த அம்மா, செதில் ஒட்டிய கட்டைவிரலைக் கைக்குள் மடக்கிக்கொண்டாள்.

“எழுதாத தாள்ல ரேகை வெக்கமாட்டேன். எழுதிக் குடு, எம் பொண்ணு படிக்கட்டும்.”

“எல்லாரும் வெச்சிட்டாங்கம்மா.”

“வெக்கட்டும்.”

அவன் கடைசிவரை எழுதவில்லை.

“மொதல்ல முகாமை நடத்துங்க சார்,” என்றேன் தலைமையாசிரியரிடம். “அப்புறம் படிச்சிட்டுப் போடுவாங்க.”

அவர் முறைத்தார். கடைசி பெஞ்சில் ஒருத்தி பேனாவை மூடினாள். அடுத்த நொடி, வகுப்பு முழுக்கப் பேனாக்கள் மூடும் சத்தம்.