முள் வெட்டிப் போட்ட பாதை

"குறுக்கால போயிடலாமா சார்?" என்று ஆட்டோக்காரர் கேட்டார். புத்தூரில் கண் டாக்டரைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தேன். பாலத்தருகே வாய்க்கால் நாற்றம் குப்பென்று அடித்தது. கூடவே ஸ்டெல்லா டீச்சரின் ஞாபகமும்.

எழுபதுகளின் கடைசியில் நான் வீடு வீடாகத் தந்தி கொடுப்பவன். காக்கிச் சட்டை, ஆபீஸ் சைக்கிள், கொஞ்சம் மிதப்பு. சாதாரணத் தந்தி என்றால் தார் ரோடு. சாவுத் தந்தி என்றால் வாய்க்கால் கரை ஒற்றையடிப் பாதை. இருபது நிமிஷம் மிச்சம். ஆகாயத்தாமரையும் எருமைச் சாணமும் சலவைச் சோடாவும் கலந்த வாசனை அங்கே. அந்தப் பாதையில் என் தலை தெரிந்தாலே புத்தூர்ப் பெண்கள் அடுப்பை அப்படியே போட்டுவிட்டு வாசலுக்கு வருவார்கள். எமன் எருமையில் வருவான், நான் சைக்கிளில்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. புத்தூரில் ஸ்டெல்லா டீச்சர் மகனுக்குப் புதுநன்மை, சர்ச்சில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். காலையில் வாழ்த்துத் தந்தி கொண்டுபோனபோது லட்டு தந்து, "மத்தியானம் சாப்பிட வந்துடுங்க தம்பி" என்றார். பதினோரு மணிக்கு அதே வீட்டுக்கு இன்னொரு தந்தி. டீச்சரின் அம்மா காலமாகிவிட்டார். மாலை ஐந்து மணிக்கு அடக்கம். ஊர் நாகப்பட்டினத்துக்கும் அந்தப் பக்கம்.

பிள்ளை சந்தோஷமாக ஒரு வாய் சாப்பிட்டு முடிக்கட்டுமே என்று நினைத்தேன். பெரிய கருணாமூர்த்தி! தார் ரோட்டில் சுற்றினேன். வழியில் நின்று டீ வேறு குடித்தேன். போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டு.

டீச்சரின் கணவர் தந்தியைப் படித்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார். "நேரா ஊருக்குப் போற பஸ் இப்பத்தான் கெளம்பியிருக்கும். அத விட்டா சாயங்காலம்தான்."

டீச்சர் அழவில்லை. என்னைப் பார்த்து, "வாய்க்கா பக்கமா வரலையா தம்பி?" என்றார்.

"முள்ளு வெட்டிப் போட்டிருக்காங்க டீச்சர்."

வாய் கூசாமல் சொன்னேன்.

பஸ் மாறி மாறி அவர்கள் போனபோது மண் போட்டு மூடியாகிவிட்டது. அம்மாவின் முகத்தை அவர் பார்க்கவில்லை. ஒரு மாதம் கழித்து மார்க்கெட்டில் எதிர்ப்பட்டு, "முள்ள எடுத்துட்டாங்களா தம்பி? பாத்துப் போங்க, கால்ல குத்திடப்போகுது" என்றார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். எனக்குத் தைரியம் இல்லை. தலையாட்டிவிட்டு வந்தேன்.

தந்தி ஒழிந்துவிட்டது. டீச்சரும் போய்ச் சேர்ந்துவிட்டார். கரையை ஒட்டி மாடி வீடுகள் வந்துவிட்டன. அங்கே ஒரு பாதை இருந்தது என்று சொன்னால் ஆட்டோக்காரர் சிரிப்பார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கரையில் ஒரு முள்கூடக் கிடக்கவில்லை. அதைச் சொல்ல நான் இருக்கிறேன். கேட்க வேண்டியவர்தான் இல்லை.